எலக்ட்ரானின் போக்கிடம்: சுவாசமும் நொதித்தலும் பிரியும் இடம்

பள்ளியிலேயே படித்து முடித்துவிட்டோம் என்று நாம் எல்லோரும் நினைக்கும் ஒரு பாடத்தைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆக்ஸிஜன் இருந்தால் உயிரணு சர்க்கரையை முழுதாக ஆக்ஸிஜனேற்றி நிறைய ஆற்றல் பெறும், அது சுவாசம். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் அரைகுறையாக உடைத்துக் கொஞ்சம் ஆற்றல் பெறும். அது நொதித்தல், அதற்கே காற்றில்லாச் சுவாசம் என்றும் பெயர். தேர்வில் மதிப்பெண் வாங்கித் தரும் இந்த விடை, உயிரணுவுக்குள் நடப்பதை விளக்கவில்லை என்பதே என் வாதம். உணவிலிருந்து கழற்றிய எலக்ட்ரானை உயிரணு எந்த வழியாக இறக்கி வைக்கிறது என்பதுதான் இவ்விரண்டையும் பிரிக்கிறது. அந்த வழி ஒரு சவ்வில் அமைந்து, அந்தச் சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே ஓர் ஏற்றத்தாழ்வை உண்டாக்கினால் அது சுவாசம். சவ்வைத் தொடாமல், பெரும்பாலும் அதே சர்க்கரையின் உடைந்த துண்டிடமே எலக்ட்ரான் திரும்பிப் போனால் அது நொதித்தல். காற்று இந்தக் கதையில் ஒரு முக்கியமான பாத்திரம். ஆனால் எல்லைக்கோடு அது நிற்கும் இடத்தில் இல்லை.

முதலில் உயிரணுவின் சிக்கல் என்ன என்று பார்ப்போம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு சைட்டோபிளாசத்தில் பத்துப் படிகளில் இரண்டு பைருவேட்டாக உடைகிறது. கிளைக்கோலிசிஸ் எனப்படும் இந்த வினைத்தொடரில் நிகரமாக 2 ஏ.டி.பி. கிடைக்கிறது. உயிரணு தன் வேலைகளுக்கெல்லாம் செலவழிக்கும் மூலக்கூறு அது. மனித உடலில் எந்த நேரமும் இருக்கும் ஏ.டி.பி. சுமார் 50 கிராம்தான். ஒரு நாளில் அது திரும்பத் திரும்ப உடைந்தும் உருவாகியும் புழங்கும் மொத்த அளவோ நம் உடல் எடையை ஒட்டி வரும். ஏ.டி.பி.யைச் சேமித்து வைக்க வழியில்லை. நொடிக்கு நொடி ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதில்தான் இடையூறு வருகிறது. கிளைக்கோலிசிஸின் ஆறாவது படியில் சர்க்கரைத் துண்டிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று என்.ஏ.டி. என்ற துணை மூலக்கூறில் ஏறுகின்றன. உயிரணுவில் என்.ஏ.டி. மிகக் குறைவு. இருப்பது முழுவதும் எலக்ட்ரானைச் சுமந்துவிட்டால் ஆறாவது படி நின்றுவிடும். குளுக்கோஸ் குவிந்து கிடந்தாலும் ஒரு ஏ.டி.பி. கூடக் கிடைக்காது. ஆகவே எலக்ட்ரானை எங்காவது இறக்கி வைத்து, என்.ஏ.டி.யை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியாக வேண்டும். பைருவேட்டிடமே அதை இறக்கி வைத்தால் பைருவேட் லாக்டிக் அமிலமாகிறது. ஈஸ்ட் செய்வதுபோல் பைருவேட்டிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை நீக்கிவிட்டு மிஞ்சியதிடம் இறக்கினால் எத்தனால் கிடைக்கிறது. கவனிக்க வேண்டியது, இந்தக் கடைசிப் படியில் ஏ.டி.பி. எதுவும் உண்டாவதில்லை. தயிரின் புளிப்பும் கள்ளின் போதையும் என்.ஏ.டி.யை விடுவிப்பதற்காக உயிரணு செய்த ஏற்பாட்டின் எச்சங்கள்.

இட்லி மாவையும் தயிரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு எத்தனை விதமாக அமையலாம் என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டையும் புளிக்க வைப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். ஆனால் இரவில் கரைத்து வைத்த மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்பு வரை பொங்கி நிற்கிறது. உறை ஊற்றிய பால் ஊற்றிய மட்டத்திலேயே தோய்கிறது. பாலில் வேலை செய்யும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் போன்றவை ஒரு குளுக்கோஸை இரண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன, வாயு வெளியேறுவதில்லை. மாவில், முக்கியமாக உளுந்தோடு வந்து சேரும் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் வேறு பாதையில் போகிறது. அங்கே ஒரு குளுக்கோஸ் ஒரு லாக்டிக் அமிலம், ஒரு எத்தனால், ஒரு கார்பன் டை ஆக்ஸைடு என்று பிரிகிறது. அந்த வாயுவை உளுந்தின் புரதமும் வழவழப்பும் குமிழிகளாகப் பிடித்து வைப்பதால் மாவு எழும்புகிறது. மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பங்கு இந்த பாக்டீரியாவுடையது. இந்தப் பாதையில் அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு ஏ.டி.பி. இனி இதே பாக்டீரியாவுக்குத் தாராளமாகக் காற்று கொடுத்தால் என்ன செய்கிறது என்பதுதான் நம் வாதத்துக்கு வேண்டியது. என்.ஏ.டி. சுமக்கும் எலக்ட்ரானை ஒரு நொதியைக் கொண்டு நேரடியாக ஆக்ஸிஜனிடம் கொடுத்துவிடுகிறது. எத்தனால் தயாரிக்கும் தேவை குறைகிறது. அதற்குப் பதில் அசிட்டிக் அமிலம் உண்டாகி, கூடுதலாக ஒரு ஏ.டி.பி. கிடைக்கிறது. ஆக்ஸிஜன் செலவாகிறது, ஆற்றலும் கூடுகிறது. பள்ளி விடையின்படி இதைச் சுவாசம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஏ.டி.பி.யும் மற்றதைப் போலவே ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு பாஸ்பேட் நேராகக் கைமாறியதால் வந்தது. சவ்வுக்கு அதில் வேலையே இல்லை. நுண்ணுயிரியலாளர்கள் இதைச் சுவாசத்தில் சேர்ப்பதில்லை, அது சரியே.

தயிர் தரும் சான்று இன்னும் வலியது. லாக்டோகாக்கஸ் லாக்டிஸை நன்றாகக் காற்றூட்டிய ஊடகத்தில் வளர்த்தாலும் அது நொதிக்கவே செய்கிறது. அதே ஊடகத்தில் சிறிதளவு ஹீம், அதாவது நம் இரத்தத்தின் நிறத்துக்குக் காரணமான அந்த இரும்புச் சேர்மத்தைச் சேர்த்தால் அது சுவாசிக்கத் தொடங்குகிறது. சவ்வில் இருந்துகொண்டு ஆக்ஸிஜனிடம் எலக்ட்ரானைச் சேர்க்கும் நொதிக்கான ஜீன்கள் அதனிடம் உண்டு. ஹீமை மட்டும் அதனால் தானாகச் செய்துகொள்ள முடியாது. வெளியிலிருந்து ஹீம் கிடைத்ததும் நொதி முழுமை அடைகிறது, எலக்ட்ரானைக் கைமாற்றும் சங்கிலி இணைகிறது. பாக்டீரியாவின் விளைச்சல் கூடுகிறது, சேமிப்பில் நீண்ட நாள் உயிரோடும் இருக்கிறது. பால்பொருள் தொழிலுக்கான உறைகளை வளர்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள். காற்று முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. மாறியது சவ்வில் அமர்ந்த ஒரு பொருள். எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

அப்படியானால் காற்றை எல்லைக்கோடாக வைத்தவர் யார்? லூயி பாஸ்டர். ப்யூட்டிரிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்களை 1861-இல் உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, துளியின் ஓரத்தில் காற்று படும் இடத்தில் இருந்தவை அசைவற்று நின்றதையும் நடுவில் இருந்தவை தொடர்ந்து நீந்தியதையும் அவர் கண்டார். காற்றே ஆகாத உயிர்கள் உண்டு என்பது அன்றைக்குப் பெரிய கண்டுபிடிப்பு. ஈஸ்டுக்குக் காற்று கொடுத்தால் அது குறைந்த சர்க்கரையைக் கொண்டு அதிகமாக வளர்கிறது என்பதையும் அவரே காட்டினார். நொதித்தல் என்பது காற்றில்லா வாழ்க்கை என்ற முடிவுக்கு அவர் வந்தது இயல்புதான். கண்டது சரி, அதிலிருந்து எடுத்த பொதுவிதி அளவுக்கு மேல் அகலமாகிவிட்டது. உயிரோடு இருக்கும் உயிரணு இல்லாமல் நொதித்தல் நடக்காது என்றும் அவர் கருதினார். 1897-இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றுகூட இல்லாத சாற்றில் சர்க்கரை சேர்த்தபோது குமிழிகள் கிளம்பின. அதற்காக 1907-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். பிறகு லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் அந்தச் சாற்றை இரண்டாகப் பிரித்து, கொதிக்க வைத்தாலும் கெடாத ஒரு சிறு மூலக்கூறு இல்லாமல் நொதித்தல் நின்றுவிடுவதைக் காட்டினார்கள். அதுதான் பின்னாளில் என்.ஏ.டி. என்று இனங்காணப்பட்டது. இந்த வரலாற்றில் ஒரு செய்தி போதிய கவனம் பெறவில்லை என்று நினைக்கிறேன். உயிரணுவை அரைத்துக் கூழாக்கினாலும் நொதித்தல் நடக்கிறது. சுவாசத்தால் ஏ.டி.பி. உண்டாவது அப்படி நடப்பதில்லை. உயிரணுவுக்குள் சுவாசம் நடக்கும் உறுப்பான மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வு கிழிந்துபோனால், ஆக்ஸிஜன் தொடர்ந்து செலவானாலும் ஏ.டி.பி. உண்டாவது நின்றுவிடுகிறது.

இந்த வேறுபாட்டின் பொருளை உயிர்வேதியியலாளர்கள் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. ஏ.டி.பி. கண்டறியப்பட்டது 1929-இல், ஜெர்மனியில் கார்ல் லோமன், பாஸ்டன் நகர ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் சைரஸ் பிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும், தனித்தனியாக. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுக் கடல் கடந்து போன சுப்பாராவ் இந்த ஊருக்கும் உரியவர். இந்தப் பாடத்தை இங்கே நடத்தும் யாரும் அவர் பெயரைச் சொல்லாமல் நடத்தக் கூடாது. கிளைக்கோலிசிஸில் பாஸ்பேட் நேராகக் கைமாறுவதைப் பார்த்துப் பழகியவர்கள், சுவாசத்திலும் அப்படி ஒரு இடைநிலைச் சேர்மம் இருக்கும் என்று நம்பி அதைத் தேடினார்கள். ஆண்டுகள் போயின, கிடைக்கவில்லை. அப்படி ஒரு சேர்மமே இல்லை, சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள புரோட்டான் வேறுபாடுதான் இடைநிலை என்று 1961-இல் பீட்டர் மிட்செல் எழுதினார். எலக்ட்ரான் சங்கிலி வழியாக இறங்கும்போது புரோட்டான்கள் சவ்வுக்கு அப்பால் தள்ளப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்வதுபோல் அவை திரும்பி வரும் வழியில் ஏ.டி.பி. உண்டாகிறது. துறையில் பலர் இதை ஏற்கவில்லை. அவர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு பழைய மாளிகையை ஆய்வகமாக்கிக்கொண்டு, ஜெனிபர் மாய்லுடன் சோதனைகளைத் தொடர்ந்தார். 1966-இல் ஆண்ட்ரே ஜாகென்டார்ப் கீரையின் பசுங்கணிகங்களை அமிலத்தில் ஊறவைத்து, இருட்டிலேயே அவற்றைக் காரக் கரைசலுக்கு மாற்றினார். ஒளி இல்லாமல், புரோட்டான் வேறுபாட்டை மட்டும் கொண்டு ஏ.டி.பி. உண்டானது. 1974-இல் எப்ரைம் ராக்கரும் வால்தர் ஸ்டோக்கனியஸும் செய்தது அதைவிடத் துணிச்சலானது. உப்புநீரில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து ஒளியால் புரோட்டானைத் தள்ளும் ஒரு புரதம், மாட்டின் இதயத்திலிருந்து ஏ.டி.பி. ஆக்கும் நொதி, இரண்டையும் செயற்கைக் கொழுப்புப் பைகளில் பதித்து வெளிச்சம் காட்டினார்கள். ஏ.டி.பி. வந்தது. இரண்டுக்கும் நடுவே பொதுவாக இருந்தது சவ்வும் புரோட்டானும் மட்டுமே. மிட்செலுக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நொதியின் நடுத்தண்டு உண்மையிலேயே சுழல்கிறது என்பதை 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன்மேல் ஒளிரும் புரத இழை ஒன்றை ஒட்டி உருப்பெருக்கியில் நேரில் பார்த்தார்கள். சவ்வின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் சுமார் 150 மில்லிவோல்ட், கேட்பதற்குச் சிறியது. ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவே என்பதால், மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்ற செறிவு அங்கே நிலவுகிறது.

இந்த வெளிச்சத்தில் நம் உடலைப் பாருங்கள். உடலிலேயே அதிக ஆக்ஸிஜனைச் சுமப்பது இரத்தச் சிவப்பணு. ஒவ்வொன்றிலும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொரு மூலக்கூறும் 4 ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை ஏந்தும். ஆனால் சிவப்பணுவில் மைட்டோகாண்டிரியா கிடையாது. நூறு கோடி ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டு, ஏறத்தாழ 120 நாள் வாழ்க்கை முழுவதும் அது குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கியே பிழைக்கிறது. காற்று இல்லாததால் நொதிக்கிறது என்று இதைப் பார்த்து யார் சொல்ல முடியும்? ரொட்டி ஈஸ்டும் அப்படியே. சர்க்கரை மிகுதியாக இருந்தால் எவ்வளவு காற்று கொடுத்தாலும் எத்தனால் ஆக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஈஸ்ட் ஆலைகளில் சர்க்கரைப்பாகை மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறார்கள். புற்றுநோய்க் கட்டிகள் ஆக்ஸிஜன் இருக்கும்போதே மிகுதியாக லாக்டிக் அமிலம் ஆக்குவதை 1920-களில் ஓட்டோ வார்பர்க் கண்டார். அவற்றின் சுவாசம் பழுதாகிவிட்டதே காரணம் என்று அவர் எண்ணியது பெரும்பாலான கட்டிகளுக்குப் பொருந்தவில்லை. கட்டிகள் குளுக்கோஸை வாரி இழுக்கும் அந்தத் தன்மையோ இன்று பெட் ஸ்கேனில் அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது.

மறுபுறம், காற்றே இல்லாமல் உண்மையான சுவாசம் நடக்கும் இடம் காவிரிப் படுகையின் ஒவ்வொரு நெல்வயலிலும் இருக்கிறது. நடவுக்கு நீர் கட்டிய சேற்றில் ஆக்ஸிஜன் விரைவில் தீர்ந்துபோகிறது. மண்ணின் நுண்ணுயிர்கள் சுவாசத்தை நிறுத்துவதில்லை. எலக்ட்ரானை ஏற்க வேறு ஆளைத் தேடுகின்றன. முதலில் நைட்ரேட், அப்போது இட்ட தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஜன் வாயுவாகப் பறந்துபோகிறது. பிறகு மாங்கனீசு, இரும்பு. பெரிக் இரும்பு பெரஸ் ஆவதால் செம்மண் நிறம் மங்கிச் சாம்பல் பூக்கிறது. பிறகு சல்பேட், பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டுச் சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம் அதன் விளைவு. கடைசியில் கார்பன் டை ஆக்ஸைடு, அதிலிருந்து மீத்தேன். இவை அனைத்திலும் எலக்ட்ரான் சவ்வின் வழியாகப் போகிறது, சவ்வின் குறுக்கே ஏற்றத்தாழ்வு உண்டாகிறது, ஏ.டி.பி. வருகிறது. நீர் நின்ற வயலில் ஒரு நெற்பயிரை வேரோடு பிடுங்கிக் கழுவிப் பார்த்தால், வெள்ளை வேரின்மேல் துருநிறத்தில் ஒரு பூச்சு தெரியும். தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியாக இறங்கிய ஆக்ஸிஜன் வேரைவிட்டுக் கசிந்து, சேற்றில் கரைந்திருந்த இரும்பை மறுபடி துருவாக்கிய தடம் அது. காற்றில்லாச் சுவாசம் நடக்கும் சேறும் காற்றோடு சுவாசிக்கும் வேரும் அங்கே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சந்திக்கின்றன. திருந்திய நெல் சாகுபடியில் சொல்லப்படும் ‘நீர் மறைய நீர் கட்டுதல்’ மீத்தேனைக் குறைப்பதும் இதனால்தான்: மண் அவ்வப்போது காற்று வாங்கும்போது எலக்ட்ரானுக்கு நல்ல போக்கிடம் கிடைத்துவிடுகிறது. சேற்றின் இந்தச் சுவாசத்தையும் இட்லி மாவின் நொதித்தலையும் ஒரே பெயரில் அடக்குவது எப்படித் தகும்?

மறுப்புகள் வரும். ஆக்ஸிஜன் சில நிமிடங்கள் கிடைக்காவிட்டால் மனிதன் இறந்துவிடுகிறான், அதை எப்படி இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவது என்று கேட்கலாம். ஆக்ஸிஜன் எலக்ட்ரானை மிக வலுவாக ஈர்ப்பது. சங்கிலியின் கடைசியில் அது நின்றால் இறக்கம் நீளமாகிறது, அதிகப் புரோட்டான்கள் தள்ளப்படுகின்றன. அதன் பெருமை அது. ஆனால் சயனைடு விஷத்தால் இறப்பவரின் இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவதில்லை. பயன்படாமல் திரும்புவதால் சிரைகளிலும் இரத்தம் பளீரென்று சிவந்திருக்கிறது. சயனைடு அடைப்பது சவ்வில் உள்ள கடைசி நொதியை. இதற்கு நேர்மாறான சான்று டைநைட்ரோபீனால். 1930-களில் அமெரிக்காவில் உடல் மெலிவதற்கான மருந்தாக விற்கப்பட்ட இது, சவ்வின் குறுக்கே புரோட்டான்களைக் கசிய விடுகிறது. உட்கொண்டவர்களின் ஆக்ஸிஜன் செலவு ஏறியது, ஏ.டி.பி.யாக வேண்டியது வெப்பமாயிற்று. உடல் கொதித்துச் சிலர் இறந்தார்கள். ஆக்ஸிஜன் இருந்தும், அது மிகுதியாகச் செலவாகியும், சவ்வின் ஏற்றத்தாழ்வு குலைந்ததால் உயிர் போயிற்று.

நொதித்தலில் 2, சுவாசத்தில் 38 என்ற கணக்கைக் காட்டி, நொதித்தல் வேறு வழியில்லாதபோது செய்யும் வீண்செலவு என்பாரும் உண்டு. இப்போதைய கணக்கு 30 முதல் 32 வரைதான். அந்த எண் முழு எண்ணாக நிற்காததற்கே காரணம் சவ்வு. மாட்டின் ஏ.டி.பி. ஆக்கும் நொதியில் ஒரு சுற்றுக்கு 8 புரோட்டான்கள் வேண்டும், ஈஸ்டின் நொதியில் 10. இரண்டிலும் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 3 ஏ.டி.பி. மூலக்கூறுக்கு மூலக்கூறு நடக்கும் வினைகளில் இப்படிப் பின்னம் வராது. ஒரு குளுக்கோஸுக்கு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. ஒரு நொடிக்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. இரண்டாவதில் நொதித்தல் பலமுறை முந்துகிறது. உணவு மலிந்த இடத்தில் விரைவு வெல்கிறது, உணவு அரிதான இடத்தில் சிக்கனம் வெல்கிறது. ஓடும்போது தசையில் லாக்டேட், அதாவது லாக்டிக் அமிலம், சேர்வதும் ஆக்ஸிஜன் தீர்ந்துபோனதன் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. ஆக்ஸிஜன் போதிய அளவு இருக்கும்போதும் தசை லாக்டேட்டை ஆக்குகிறது, இதயம் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களிலிருந்து வாதிட்டுவந்த இந்தக் கருத்து இப்போது நிலைபெற்றுவிட்டது. உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் வலியை லாக்டிக் அமிலத்தின்மேல் போடும் வழக்கம் மட்டும் போகவில்லை. அந்த அமிலமோ ஒரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது.

நான் சொல்லும் கோடும் எல்லா இடத்திலும் கத்தியால் கீறியதுபோல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நொதித்து வாழும் பாக்டீரியாக்கள் பலவும் அதே சுழல் நொதியை எதிர்த்திசையில் ஓட்டி, ஏ.டி.பி.யைச் செலவழித்துச் சவ்வின் ஏற்றத்தாழ்வைக் காத்துக்கொள்கின்றன. குடலில் வாழும் உருண்டைப்புழு, தன் உடலுக்குள்ளேயே உண்டாக்கிய பியூமரேட்டிடம் சவ்வின் வழியாக எலக்ட்ரானைச் சேர்க்கிறது. பாதி இது, பாதி அது. இந்த விதிவிலக்குகளையும் எலக்ட்ரான், சவ்வு என்ற இரண்டைக் கொண்டே விவரிக்க முடிகிறது. காற்று உண்டா இல்லையா என்று கேட்டால் அவற்றைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது.

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எலக்ட்ரானும் சவ்வும் பளுவாகிவிடும் என்பது கடைசி மறுப்பு. வேதியியல் வகுப்பில் அதே பிள்ளை ஆக்ஸிஜனேற்றத்தை எலக்ட்ரான் இழப்பு என்று படிக்கிறது. அடுத்த மணியில் உயிரியல் வகுப்புக்குள் நுழையும்போது அதை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வது நாம்தான். பாடநூல் எழுதுவோரையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: காற்றில்லாச் சுவாசத்தையும் நொதித்தலையும் அடுத்த பதிப்பில் இரண்டு தலைப்புகளாகப் பிரியுங்கள். முன்னதற்கு நீர் நின்ற நெல்வயலை எடுத்துக்காட்டாகத் தாருங்கள். பின்னதற்குத் தயிரையும் சிவப்பணுவையும் தாருங்கள். முடிந்தால் பிள்ளைகளை ஒரு வயலுக்கு அழைத்துப்போய், ஒரு பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிக் காட்டுங்கள்.